வடக்குச் சன்னல்: ஓர் ஓவியக்கூடத்தின் நாட்குறிப்பு

2024 ஜனவரி 3, புதன்

சென்னைப் புறநகரான சேலையூரில் வாடகைக்குப் பேசியிருந்த மாடி அறையின் சாவி இன்று கைக்கு வந்தது. கிழக்கு மேற்காக 18 அடி நீளம், 12 அடி அகலம். வடக்குச் சுவரின் நடுவில் 4 அடி அகலமுள்ள உயரமான சன்னல் ஒன்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கூடத்தின் ஒரு மூலையில், யார் வந்தாலும் கேன்வாஸைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்துகொள்ள வேண்டிய இடத்தில் வரைந்தவனுக்கு, பூட்டி வைத்துவிட்டுப் போனால் மறுநாள் அப்படியே காத்திருக்கும் அறை ஒன்று கிடைத்திருப்பது பெரிய பேறு.

சாவியைத் தரும்போது வீட்டுக்கார அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, செவுத்துல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க. மத்தபடி உங்க இஷ்டம்."

முதல் பத்து நாட்களுக்கு எந்தப் பொருளையும் கொண்டுவரப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு சாக்குக்கட்டி, ஒரு நோட்டு போதும். வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று தெரியாமல் மேசையையும், கேன்வாஸைத் தாங்கும் ஈஸலையும் நிறுத்தினால், பிறகு அவற்றை நகர்த்துவதிலேயே ஓர் ஆண்டு போய்விடும்.

2024 ஜனவரி 8, திங்கள்

மணிக்கொரு முறை தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வருகிறேன். வடக்குச் சன்னலில் நேர்வெயில் துளியும் இல்லை. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கையை நீட்டிப் பார்த்தால் விரல்களின் நிழல் ஒரே மென்மையோடு விழுகிறது. ஓவியர்கள் வடக்கு வெளிச்சத்தை விரும்புவதன் காரணம் இதுதான். சூரியன் நகர நகர நிழல் இடம் மாறினால், காலையில் வரைந்த மூக்கின் நிழலும் பிற்பகலில் வரைந்த கன்னத்தின் நிழலும் ஒரே முகத்தில் ஒட்டாமல் போய்விடும்.

வலக்கையால் வரைபவன் நான். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால்தான் என் கையின் நிழல் நான் தீட்டும் இடத்தில் விழாது. கிழக்கு நோக்கி நின்றால் சன்னல் இடப்பக்கம் வருகிறது. பின்னால் சென்று பார்ப்பதற்கும் அறையின் நீளம் முழுவதும் கிடைக்கிறது. ஆகவே ஈஸல் சன்னலைத் தாண்டிக் கிழக்கு ஓரத்தில் நிற்க வேண்டும். இதுவரை உறுதியானது இவ்வளவுதான்.

2024 ஜனவரி 13, சனி

பொங்கலுக்கு வடக்கு வீட்டுக்காரர் வெள்ளையடிக்கிறார். வெள்ளையடிப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அவர் மாடிப்படி அறையின் சுவருக்குப் பழுத்த மாம்பழத்தின் மஞ்சளைப் பூசியிருக்கிறார். என் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் தெற்குப் பார்த்த சுவர் அது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பத்து மணி முதல் மூன்று மணி வரை வெயில் முழுவதையும் அந்தச் சுவர் வாங்கி என் அறைக்குள் அனுப்புகிறது.

2024 ஜனவரி 18, வியாழன்

ஈஸலைக் கொண்டுவந்து ஒரு சிறிய படம் தொடங்கினேன். மடித்து வைத்த வெள்ளை வேட்டி, அதன் மேல் ஒரு பித்தளைச் செம்பு. வேட்டியின் மடிப்பில் இருக்கும் நிழலுக்குச் சாம்பல் நிறம் குழைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. எப்படிக் கலந்தாலும் கேன்வாஸில் பழுப்பாகத் தெரிந்தது. நீலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனேன். மாலையில் படத்தை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று திறந்த வானத்தின் கீழ் வைத்தபோது, வேட்டி நீலம் போட்டு அலசாமல் விட்டது போல் இருந்தது. அறைக்குள் நிறைந்திருந்த மஞ்சளை ஈடுகட்டத்தான் என் கண் அவ்வளவு நேரமும் நீலத்தைக் கேட்டிருக்கிறது. தவறு கையில் இல்லை, அறையில் இருக்கிறது என்று தெரிந்தபோது ஆறுதலாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

2024 ஜனவரி 28, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் சுவரின் நிறத்தை மாற்றச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மாற்ற வேண்டியது என் சன்னலைத்தான். அதன் கீழ்ப்பாதியைச் சாம்பல் நிறப் பலகை வைத்து அடைத்தேன். நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் இப்போது சுவர் தெரியவில்லை, மேல்பாதியில் வானம் மட்டுமே தெரிகிறது. வெளிச்சம் குறையும் என்று அஞ்சினேன். அளவு குறைந்ததென்னவோ உண்மைதான், ஆனால் வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சத்தில் செம்பின் கழுத்தும் வயிறும் முன்பைவிடத் திரட்சியாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் பரந்து வரும் வெளிச்சம் உருவத்தைத் தட்டையாக்கிவிடும், மேலிருந்து வருவதுதான் உருட்டிக் காட்டும் என்பதை இப்போதுதான் கண்ணால் கண்டேன்.

உட்சுவர்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஈஸலுக்குப் பின்னால் உள்ள சுவரையும் எதிர்ச்சுவரையும் வெளிர்சாம்பலாக மாற்றிவிட்டேன். 1902இல் பிரான்சின் எக்ஸ் நகருக்கு வெளியே, லோவ் குன்றில் பிரெஞ்சு ஓவியர் செசான் கட்டிக்கொண்ட ஓவியக்கூடத்தின் சுவர்களும் சாம்பல்தான். வடக்கே பெரிய கண்ணாடிச் சன்னல் அமைத்ததோடு நிற்காமல், பெரிய ஓவியங்களை வெளியே எடுத்துச் செல்வதற்கென்று சுவரில் குறுகலான உயரமான ஒரு பிளவையும் அவர் விட்டிருந்தார். வாசற்படி கொள்ளாத ஓவியத்தை அறைக்குள் வரைந்துவிட்டுத் தவித்த எவருக்கும் அந்தப் பிளவின் அருமை புரியும். என் மாடிப்படியின் திருப்பத்தை இன்று அளந்தேன்: 5 அடிக்கு மேல் உயரமான கேன்வாஸ் திரும்பாது.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

பொருள்களை அடுக்கும் வேலை. பழைய தேநீர்த் தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, அதன் மேல்தட்டில் கண்ணாடி பதித்து, கண்ணாடிக்கு அடியில் சாம்பல் காகிதம் வைத்திருக்கிறேன். வண்ணம் குழைக்கும் இடமும், அதற்குப் பின்னால் உள்ள சுவரும், கேன்வாஸின் அடிப்பூச்சும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக இருந்தால், தட்டில் பார்த்த நிறமே படத்திலும் வந்து அமர்கிறது. வண்டி என் வலக்கைப் பக்கம், இடுப்பு உயரத்தில் நிற்கிறது. வெள்ளை ட்யூப் எப்போதும் முதலில், நீலங்கள் கடைசியில்; கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாலும் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும். பழகிப்போன கண்ணுக்குப் படாத கோணல் அதில் சட்டென்று தெரிந்துவிடும். மேலும், ஈஸலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் இருமடங்காகிவிடுவதால், 12 அடி தள்ளி இருக்கும் கண்ணாடிக்குள் பார்க்கும்போது 24 அடி தொலைவிலிருந்து பார்த்தது போல் ஆகிறது. வாடகை ஏறாமல் அறை நீண்டுவிட்டது.

ஒழுங்கைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. லண்டனில் ஓவியர் ஃபிரான்சிஸ் பேகன் 1961 முதல் 1992இல் இறக்கும்வரை வரைந்த சிறிய அறை குப்பைமேடு போல் இருந்தது. சுவரிலும் கதவிலுமே அவர் வண்ணம் குழைத்தார். அந்த அறையை அப்படியே பெயர்த்து டப்ளினில் உள்ள ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிட வேண்டியிருந்தது. இத்தாலியின் பொலோனியாவில் ஓவியர் மொராண்டியோ தான் உறங்கிய அறையிலேயே வரைந்தார். மேசையில் விரித்த காகிதத்தில் ஒவ்வொரு குப்பியும் நின்ற இடத்தைக் கோடிட்டு வைத்தார். இவ்விருவரில் யார் வழி சரி என்று கேட்பதில் பொருள் இல்லை. பேகனுக்குக் கிழிந்த புகைப்படங்களும் மிதிபட்ட தாள்களும்தான் கச்சாப்பொருள். மொராண்டிக்கு ஒரு குப்பி விரற்கடை நகர்ந்தாலும் படமே வேறாகிவிடும். நான் மொராண்டியின் பக்கத்து ஆள். வேட்டியின் மடிப்பைச் சுற்றியும் செம்பின் அடியைச் சுற்றியும் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன்.

2024 பிப்ரவரி 25, ஞாயிறு

ஈஞ்சம்பாக்கம் சென்று சோழமண்டல ஓவியர் கிராமத்தைச் சுற்றி வந்தேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய இடம். வீடும் வேலையிடமும் ஒன்றாக இருக்க வேண்டும், வயிற்றுப்பாட்டுக்கான வேலையும் கலைக்கான வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தது, தனியாக அறை எடுத்துத் திண்டாடும் என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. மரங்களுக்கிடையே சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. கல்லுக்கும் உலோகத்துக்கும் தேவைப்படும் வெளிச்சம் வேறு, எனக்குத் தேவைப்படுவது வேறு.

2024 மார்ச் 17, ஞாயிறு

தஞ்சாவூரில், தஞ்சாவூர்ப் பாணி ஓவியம் செய்யும் ஒருவரின் வீட்டில் அரைநாள் இருந்தேன். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வுப் பலகையில் படத்தை வைத்து வேலை செய்கிறார். ஈஸல் கிடையாது, சுண்ணமும் பசையும் கலந்து மேடு எழுப்ப வேண்டிய படத்தை நிமிர்த்தி வைத்தால் எல்லாம் வழிந்துவிடும் அல்லவா? தங்கத் தாளைக் கையில் எடுக்கும் முன் மின்விசிறியை நிறுத்திச் சன்னலையும் சாத்தினார். வியர்வை நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது, கை நிற்கவில்லை. அந்த அறையில் உள்ள ஒவ்வொரு பொருளும், மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனின் நெடி தலைவலி தந்ததால் தெற்குக் கதவின் மேலே இருந்த திறப்பில் வெளியேற்றும் மின்விசிறி பொருத்தினேன். வண்ணத்தில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். துணிக்குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுகிறேன். இதைப் படிக்கும் இளைஞர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

2024 மே 19, ஞாயிறு

மாலை ஐந்தரை மணிக்கு, வடக்குச் சன்னல் வழியாக, நேர்வெயில் என் கேன்வாஸின் மேல் வந்து விழுந்தது.

முதலில் எங்கோ ஒரு கண்ணாடியிலிருந்து தெறித்து வருகிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சூரியனேதான், மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி நிற்கிறது. ஒரு விரல் அகலத்தில் தொடங்கிய பட்டை, வேட்டியின் மடிப்பின் மேல் ஏறி, நான் நான்கு மாதமாகக் கூட்டிக் கழித்துச் சேர்த்த சாம்பல்களை எல்லாம் அழித்துவிட்டு நின்றது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பு எதுவும் இல்லை. வடக்குச் சன்னலில் வெயில் வராது என்ற விதி ஐரோப்பிய ஓவியர்களின் விதி. செசானின் ஊர் கடக ரேகைக்கு வெகு வடக்கே இருப்பதால், அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். கோடையில் விடியற்காலையிலும் அந்திநேரத்திலும் மட்டுமே சூரியன் வடக்கே ஒதுங்கும். சென்னை இருப்பதோ ஏறத்தாழ 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, அதைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகலில்கூட அது நமக்கு வடக்கே இருக்கிறது. உத்தராயணம் என்று ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம், ஆனால் ஓவியக்கூடம் அமைக்கும்போது அந்தச் சொல்லை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஜனவரியில் பத்து நாள் கோடு போட்டுவிட்டு, அறையை அறிந்துவிட்டதாக நம்பிவிட்டேன்.

2024 ஜூன் 2, ஞாயிறு

திரை போடலாம் என்றார் நண்பர். வெள்ளை மல் துணியைக் கட்டிப் பார்த்தேன். வெயில் படும்போது துணியே விளக்காகி, அறை முழுவதும் வெளுத்துவிடுகிறது. நண்பகல் வெயிலைச் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடே தடுத்துவிடும், ஏனென்றால் அப்போது சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. தொல்லை தருவது காலையிலும் மாலையிலும் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நுழையும் வெயில். அதைத் தடுக்கச் சன்னலின் இருபுறமும் செங்குத்துப் பலகைகள் வேண்டும்.

கணக்குப் போட்டேன். ஜூன் 21 வாக்கில் சூரியன் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி மறையும். 4 அடி அகலச் சன்னலுக்கு அந்தச் சாய்வைத் தடுக்க ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அடி ஆழம் போதும். சன்னல் சட்டம் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் சுவரின் கனமே 9 அங்குலத்தைத் தருகிறது. அதற்கு மேல் ஒன்றேகால் அடிப் பலகை வைத்தால் சற்று மிச்சமும் இருக்கும்.

2024 ஜூன் 9, ஞாயிறு

சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொன்னதும் ஆசாரி சன்னல் கம்பிகளைச் சிறிது நேரம் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கம்பியிலயே கொக்கி போட்டு மாட்டிடலாம் சார். நீங்க காலி பண்றப்ப கழட்டிட்டுப் போயிடலாம்." இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் பலகை பொருத்தி, இருபுறமும் மாட்டித் தந்தார். உட்பக்கம் பளபளப்பில்லாத சாம்பல் பூசினேன். வெள்ளை பூசினால் பலகையில் பட்ட வெயில் தெறித்து உள்ளே வந்துவிடும்.

இரவு வேலைக்கென்று, பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்குகள் இரண்டை மாட்டினேன். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண் 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்கியவை. அவசரத்துக்கு உதவும், நிறத்தை முடிவு செய்யும் வேலையை அவற்றின் கீழ் வைத்துக்கொள்ள மாட்டேன்.

2024 ஜூன் 21, வெள்ளி

இன்று மாலை நான்கு மணியிலிருந்து நாற்காலியிலேயே இருந்தேன். ஐந்து மணிக்குப் பலகையின் வெளிப்புறம் வெயிலில் எரிந்தது. ஐந்தரைக்கு மேற்குப் பலகையின் விளிம்பில் ஒரு தங்கக் கோடு தோன்றி, அங்கேயே நின்றது. ஆறு மணிவரை கேன்வாஸில் ஒன்றும் விழவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கீழ்ப்பாதியை அடைத்திருந்த சாம்பல் பலகையை எடுத்துப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மஞ்சள் சுவர் அமைதியாக நிழலில் இருந்தது. சூரியன் வடக்கே இருக்கும் இந்த மாதங்களில் தெற்குப் பார்த்த அந்தச் சுவருக்கு வெயிலே கிடையாது. ஆகவே இப்போது பக்கப் பலகைகள் வேண்டும், கீழ்ப்பலகை வேண்டாம். ஐப்பசிக்குப் பிறகு கீழ்ப்பலகை வேண்டும், பக்கப் பலகைகள் வேண்டாம். இரண்டின் பின்புறத்திலும் மாட்ட வேண்டிய மாதங்களைப் பெயின்டால் எழுதி வைத்தேன்.

பிறகு வேட்டியின் கீழ் மடிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீலத்தைக் குறைத்து, மறுபடியும் தொடங்கினேன்.