அம்மா காதால் பார்த்த சீரியல்கள்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டு டிவியை அம்மா பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மடியில் முறம், அதில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை. தகரத் துண்டை அளவு வைத்து இலை வெட்டும்போது நிமிர்ந்தால் கத்தரி விரலைப் பதம் பார்த்துவிடும். ஆயிரம் பீடிக் கணக்கை முடித்தாக வேண்டும். சீரியலெல்லாம் அதற்கு நடுவில்தான்.

2002-இல் மெட்டி ஒலி ஆரம்பித்தபோது நான் ஏழாவது படித்தேன். அப்பா சிதம்பரம், ஐந்து பெண்கள், அவர்களைக் கட்டிக்கொடுத்த வீடுகள். எல்லாமே பேச்சு. கூடத்தில் நாலு பேர் நிற்பார்கள், ஒருவர் முடித்ததும் இன்னொருவர் தொடங்குவார். ரேடியோ நாடகம் மாதிரி. அம்மாவுக்கு ஒரு வரி தவறாது.

அப்புறம் வந்தது ஜூம் காலம். யாராவது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால் கேமரா ஒவ்வொரு முகமாகப் பாயும். ஒரே முகம் மூன்று தடவை, தடவைக்கு ஒரு 'டொய்ங்'. வாரம் முழுக்க அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டுமே, அவர்களும் என்ன செய்வார்கள்! நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா சிரித்ததில்லை. முதல் டொய்ங்கில் கத்தரியைக் கீழே வைப்பார், இரண்டாவதில் கண்ணாடியை மேலேற்றுவார், மூன்றாவதில் முகத்தைப் பார்த்துவிடுவார். அவருக்கென்றே வைத்தது போல இருக்கும்.

2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றதும் மெட்டி ஒலியை மறுபடி போட்டார்கள். வெளிச்சம் மங்கலாக, படம் பழசாகத் தெரிந்தது எனக்கு. அம்மா நிமிரவேயில்லை, ஆனால் அடுத்து யார் என்ன பேசுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்.

கோலங்கள் சீரியலை எடுத்த அதே திருச்செல்வம்தான் எதிர்நீச்சலும் எடுத்தார். அதில் நடிகர் மாரிமுத்துவின் குணசேகரன் வந்தால் கதவைச் சாத்தினாலும் அடுப்படிவரை கேட்கும். 2023 செப்டம்பரில், அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் அவருக்கு மாரடைப்பு. செய்தி அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும், அந்தப் பாத்திரத்துக்கு வேறு குரல் வந்த அன்று கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கையில் இலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது வரும் சீரியல்கள் பார்க்க சினிமா போலத்தான் இருக்கின்றன. டிரோன் வீட்டைச் சுற்றிப் பறக்கிறது. கல்யாணம் என்றால் நாள் கணக்கில் ஸ்லோமோஷன். அவனும் அவளும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், பின்னணியில் ஏதோ பாட்டு ஓடுகிறது, வசனமே இல்லை.

"இன்னாடி ஆச்சு? கரெண்ட் போச்சா?"

"இல்லமா. அவன் அவ கையைப் புடிச்சிட்டான்."

"அத்த வாயால சொன்னா இன்னாவாம்?"