ப்ளகினை அப்டேட் செய்ததோடு வேலை முடியவில்லை

ஃபைல் இன்க்ளூஷன் ஓட்டை (வெளியாள் சொல்லும் ஃபைலை சர்வர் தன் கோடோடு சேர்த்து ஓட்டிவிடும் பிழை) இருந்த ஒரு ப்ளகினால் அடிவாங்கிய வேர்ட்பிரஸ் தளம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. அப்டேட் போட்டது இரண்டு நிமிடம். நாள்கணக்கில் இழுத்தது அதற்குப் பிறகுதான்.

ஓட்டை ஒரே வரி. ‘டெம்ப்ளேட்’ என்ற பெயரில் பிரவுசர் எதை அனுப்பினாலும் வாங்கி, பின்னால் .பிஎச்பி என்று ஒட்டி, ப்ளகின் இன்க்ளூட் செய்கிறது. பின்னணிக் கோரிக்கைகளை வாங்கும் வேர்ட்பிரஸ் ஃபைலான அட்மின்-அஜாக்ஸ் வழியாக லாகின் இல்லாமலே கூப்பிடலாம். பிஎச்பி ஃபைல் ஓடத்தானே செய்யும், உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று தோன்றும். ஃபைலைப் படிக்கும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் பிஎச்பி-யின் ஃபில்டர் ராப்பர் நுழைவது அங்கேதான். ஃபைலை பேஸ்64 (எதையும் வெறும் எழுத்தாக எழுதும் வடிவம்) ஆக்கிவிட்டால் அது ஓடாது, எழுத்தாகக் கொட்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக்கும் பிஎச்பி ஃபைல்தான்.

ஹோஸ்டிங் சப்போர்ட்டில் வந்த பதில்: “அலவ் யூஆர்எல் இன்க்ளூட் ஆஃப்லதான் இருக்கு சார், பயப்படாதீங்க.” அதை நம்பியதில் ஒரு நாள் போச்சு. அந்த செட்டிங் பிஎச்பி 5.2 முதலே டீஃபால்ட்டாக ஆஃப்தான். ஆஃபில் இருந்தால் வெளி சர்வரிலிருந்து இழுப்பதையும், கோரிக்கைக்குள்ளேயே கோடை அனுப்ப உதவும் டேட்டா, இன்புட் ராப்பர்களையும் தடுக்கும். ஃபில்டர் ராப்பரைத் தொடாது. பிஎச்பி எந்த ஃபோல்டர்களைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஓபன் பேஸ்டிரும் இங்கே கைகொடுக்காது, கான்ஃபிக் ஃபைல் அனுமதித்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறதே. ஃபங்ஷன்களைத் தடைசெய்யும் டிசேபிள் ஃபங்ஷன்ஸ் பட்டியலில் இன்க்ளூடைப் போட்டுப் பார்க்க வேண்டாம். அது ஃபங்ஷனே இல்லை, பிஎச்பி மொழியின் கட்டளை.

ஃபைல் போனதா இல்லையா என்பதை அக்செஸ் லாக் (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவு) சொன்னது. ‘டெம்ப்ளேட்’டில் பேஸ்64 ஃபில்டரோடு ஒரு வரி, ஸ்டேட்டஸ் 200 (வெற்றி), அளவு 4,225 பைட். கான்ஃபிக் ஃபைலின் அளவு 3,168. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பது பேஸ்64 கணக்கு, அப்படியானால் 4,224. மீதி ஒரு பைட், அட்மின்-அஜாக்ஸ் வழக்கமாகக் கடைசியில் துப்பும் பூஜ்யம். முழு ஃபைலும் போயிருக்கிறது! (பதிலைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் ஆனில் இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது.) லாகில் எதுவும் சிக்கவில்லை என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள்: முகவரியில் இல்லாமல் போஸ்ட் கோரிக்கையின் உள்ளே வந்திருந்தால் அனுப்பிய மதிப்பு சாதாரண லாகில் பதிவாகாது.

டேட்டாபேஸ் லோக்கல்ஹோஸ்டில்தானே இருக்கிறது என்ற சமாதானமும் செல்லாது. டேட்டாபேஸை பிரவுசரில் நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் வெளியிலிருந்து திறந்தால், அந்தப் பாஸ்வேர்டே போதும். பாஸ்வேர்டை மாற்றும்போது டேட்டாபேஸ் பயனருக்கும் கான்ஃபிக்குக்கும் அடுத்தடுத்து மாற்றுங்கள், இடையில் தளம் விழும். கான்ஃபிக்கில் லாகினைக் காக்கும் ரகசிய எழுத்துகளான எட்டு கீ-சால்ட்களையும் மாற்றினால் எல்லோரும் லாக்அவுட் ஆவார்கள், அதற்காகத்தான் மாற்றுவதே. கான்ஃபிக்கில் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி பாஸ்வேர்டும் எழுதிவைத்திருந்தது கடைசியில்தான் கண்ணில் பட்டது. புதிய அட்மின்கள், அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல்கள், வழக்கமான ப்ளகின் பட்டியலில் வராத மு-ப்ளகின்ஸ் ஃபோல்டர், உள்ளே வந்தவர் எதையாவது விட்டுப்போனாரா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ப்ளகின்காரர்களின் முதல் திருத்தம் இன்னும் எரிச்சல். முன்னால் ஃபோல்டர் பெயரைச் சேர்த்ததால் ராப்பர் வேலைசெய்யாது, அது சரி. ஆனால் மேல் ஃபோல்டருக்குப் போகச் சொல்லும் ../ வந்தால் ஒரே ஒரு முறை அழிக்கிறார்கள். ....// என்று அனுப்பினால் நடுவில் இருப்பது அழிந்து, மிஞ்சுவது மறுபடி ../ தான். அழித்து அழித்துச் சரிசெய்ய முடியாது. அனுமதித்த டெம்ப்ளேட் பெயர்களை ஒரு அர்ரேயில் எழுதி, அதில் இல்லாததை மறுப்பதுதான் வழி. இரண்டாவது திருத்தத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

அதையும் போட்ட பிறகு பார்த்தால், சோதனைக்கு வைத்திருந்த ஸ்டேஜிங் ஃபோல்டரில் பழைய ப்ளகின், பழைய கான்ஃபிக், அதே எஸ்எம்டிபி பாஸ்வேர்ட். மறுபடி மாற்றினேன். ஸ்டேஜிங்கை முழுதாக அழித்தாயிற்று.