ஒன்பது ரன் பாக்கி

பொங்கலுக்காக நான்கு நாள் தறிகளை நிறுத்தியிருக்கிறோம். ஆறு விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நேற்று இரவும் வரவில்லை. எழுந்து கூலிக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்திலிருந்து திருப்பினால் யாருக்கு எத்தனை சேலை, எவ்வளவு முன்பணம் என்று இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் கிரிக்கெட். பல வருடப் பழக்கம். "இரண்டு கணக்கும் ஒருநாள் நடுவில் வந்து சந்திக்கும். அன்றைக்கு யாருக்காவது கூலிக்குப் பதிலாக ரன்னை எண்ணிக் கொடுக்கப் போகிறீர்கள்" என்பாள் மனைவி.

2026 ஜூன் 12ஆம் தேதி இங்கிலாந்தில் பெண்கள் டி20 உலகக் கோப்பை தொடங்குகிறது. போன நவம்பரில் ஐம்பது ஓவர் கோப்பையை வென்றுவிட்டோம் அல்லவா, அதனால் எங்கள் தெருவில் இதையும் வென்றாகிவிட்டது போலவே பேசுகிறார்கள். டிசம்பரில் இலங்கையை 5-0 என்று வீழ்த்தியதும் பேச்சு இன்னும் ஏறிவிட்டது. எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. காரணம் அந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் ஊர் நகரி. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும். என்னிடம் தறி ஓட்டுபவர்களில் மூத்தவர் ராஜம்பேட்டைப் பக்கத்துக்காரர். இந்திய அணியின் இடதுகைச் சுழல் பந்துவீச்சாளர் ஸ்ரீ சரணி கடப்பா மாவட்டத்துக் கிராமத்துப் பெண் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அன்னா, மன அம்மாயி" என்று ஆரம்பித்துவிடுவார். நம் பெண் என்று பொருள். அந்த 'நம்'முக்குள் என்னையும் சேர்த்துக்கொள்கிறாரா என்று ஒருமுறை கேட்டேன். "மும்பை ரயில் உங்கள் ஊரையும் தாண்டித்தானே கடப்பாவுக்கு வருகிறது" என்றார். வாதம் அவ்வளவுதான், ஆனால் மறுக்க முடியவில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

2017 ஜூலை, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி. இங்கிலாந்து 228. நம் அணி 3 விக்கெட்டுக்கு 191. ஜெயித்தாகிவிட்டது என்று நான் பால்கோவா வாங்கக் கிளம்பிவிட்டேன். அதுவரை பெண்கள் ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்தவன் அல்லன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அரைக் கிலோ பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. 28 ரன்களுக்குள் ஏழு விக்கெட். இங்கிலாந்தின் ஆன்யா ஷ்ரப்சோல் மட்டும் அந்த ஆட்டத்தில் மொத்தம் ஆறு பேரை வெளியேற்றியிருந்தார். 219இல் ஆட்டம் முடிந்தது. ஒன்பது ரன்னில் தோல்வி. பால்கோவாவை என்ன செய்வது, தின்றுதான் தீர்த்தோம்.

2022 ஆகஸ்ட், பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன், காமன்வெல்த் இறுதி. ஆஸ்திரேலியா 161. நாம் 2 விக்கெட்டுக்கு 118. ஹர்மன்பிரீத் கௌர் அடித்துக்கொண்டிருக்கிறார். இந்தமுறை நான் எங்கும் போகவில்லை, நாற்காலியை விட்டு எழவே இல்லை. அடுத்த 34 ரன்களுக்குள் எட்டு விக்கெட் போயிற்று. 152. ஒன்பது ரன்.

2024 அக்டோபர், சார்ஜா, டி20 உலகக் கோப்பை. மறுபடி ஆஸ்திரேலியா, 151. கடைசி ஓவரில் 14 வேண்டும், வந்தது நான்கு. 142. ஒன்பது ரன். குரூப் சுற்றிலேயே ஊர் திரும்பினோம்.

மூன்று இடத்திலும் சிவப்பு மையில் ஒன்பது. தற்செயல்தான், இதில் ஜாதகம் எதுவும் பார்க்கவில்லை. ஆனாலும் கணக்கு எழுதுகிறவன் கை சும்மா இருக்காது. 2023இல் கேப்டவுனில் நடந்த டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது ஐந்து ரன்னில். ஹர்மன்பிரீத்தின் மட்டை தரையில் சிக்கி அவர் ரன் அவுட் ஆன ஆட்டம் அது. போன அக்டோபரில் இந்தூரில் இங்கிலாந்திடம் தோற்றது நான்கு ரன்னில். இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை.

தறியில் ஒரு விஷயம் உண்டு. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் உடனே கவனித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அறுந்த நுனி பக்கத்து இழையைச் சுற்றிக்கொள்ளும், அது அதற்கடுத்ததை இழுக்கும். ஒரு நிமிடம் திரும்பி டீ குடித்துவிட்டு வந்தால் பத்து இழை போயிருக்கும், துணியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. லார்ட்ஸில் நடந்தது அதுதான், எட்ஜ்பாஸ்டனில் நடந்ததும் அதுதான். முதல் இழை அறுந்ததில் குற்றமில்லை. முடிச்சுப் போட ஆளில்லை.

நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில், தென்னாப்பிரிக்காவோடு நடந்த ஐம்பது ஓவர் உலகக் கோப்பை இறுதியில், அந்த ஆட்கள் இருந்தார்கள். மழையால் ஆட்டம் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது, முடியும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. அணியிலேயே இல்லாத ஷஃபாலி வர்மா, பிரதிகா ராவலுக்குக் காயம் என்று அழைக்கப்பட்டு வந்து 87 அடித்தார், பந்தும் வீசி இரண்டு விக்கெட் எடுத்தார். இருந்தும் தென்னாப்பிரிக்காவின் லாரா வோல்வார்ட் நூறைத் தாண்டி நின்றுகொண்டிருந்தவரை எனக்கு வயிறு கலங்கிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் தீப்தி சர்மாவின் பந்தை அவர் தூக்கி அடித்தார். எல்லைக் கோட்டுப் பக்கம் அமன்ஜோத் கௌர் ஓடி வந்தார். பந்து கையில் பட்டுத் துள்ளியது. மறுபடி பிடித்தார், மறுபடி துள்ளியது. கீழே விழுந்துகொண்டே ஒற்றைக் கையில் அள்ளிக்கொண்டார். அந்த இரண்டு விநாடியில் எங்கள் வீட்டில் என் அம்மா உட்பட ஐந்து பேரும் எழுந்து நின்றிருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சாதாரணமாக எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும்.

52 ரன்னில் வெற்றி. நோட்டில் அதைப் பச்சை மையில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கோப்பையைக் காட்டி ஜூனுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள் என்கிறேன். நினைவிருக்கட்டும், அந்தப் போட்டியில் நாம் தொடர்ச்சியாக மூன்று ஆட்டம் தோற்றோம். விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவிடம், அதே ஊரில் ஆஸ்திரேலியாவிடம் 330 எடுத்தும், பிறகு இந்தூரில். எட்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதி நான்கு அணிகள் மேலே போகும் ஏற்பாடு என்பதால் ஏழு புள்ளிகளோடு நான்காவதாக நுழைந்தோம். அரையிறுதியில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 அடித்து 339ஐ எட்டியதெல்லாம் அந்த நான்காவது இடம் இருந்ததால் கிடைத்த வாழ்வு. ஜூனில் அப்படியில்லை. பன்னிரண்டு அணிகள், ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டே இரண்டு. நம் பக்கத்தில் யார் யார் தெரியுமா? ஆறு முறை இந்தக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா, கடந்த இரண்டு டி20 உலகக் கோப்பையிலும் இறுதிவரை வந்த தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான், தகுதிச் சுற்றிலிருந்து வரும் இரண்டு அணிகள். மூன்று பெரிய அணிகளில் ஒன்று அரையிறுதியைப் பார்க்காமலே கிளம்பப் போகிறது. இரண்டு தோல்வி வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெண்கள் டி20 கோப்பையை நாம் இதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. இறுதிக்குப் போனது 2020இல் ஒரே ஒரு தடவை, மெல்போர்னில் 86,174 பேர் முன்னிலையில் 99க்குச் சுருண்டோம். 85 ரன் தோல்வி. ஒன்பதுக்கு எவ்வளவோ மேல் என்று அன்றைக்கு நினைத்தேன். மொத்தமாகத் தோற்றால் மனது சீக்கிரம் ஆறிவிடும்.

அட்டவணையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதல் ஆட்டம் ஜூன் 14, பாகிஸ்தானோடு. இடம் எட்ஜ்பாஸ்டன். குரூப்பின் கடைசி ஆட்டம் ஜூன் 28, ஆஸ்திரேலியாவோடு. இடம் லார்ட்ஸ். ஜூலை 5 இறுதியும் அதே லார்ட்ஸ். பாக்கி இருக்கிற கடைகளுக்கே வரிசையாக அனுப்புகிறார்கள். நடுவில் 21ஆம் தேதி மான்செஸ்டரில் தென்னாப்பிரிக்கா. என்னைக் கேட்டால் எல்லாம் முடிவாகிற ஆட்டம் இதுதான். அதில் தோற்றுவிட்டு லார்ட்ஸுக்குப் போனால் மறுபடி ஒரு பொட்டலம் பால்கோவா வீணாகும்.

நம்பிக்கை தரும் பக்கம் இல்லாமல் இல்லை. போன கோடையில் இங்கிலாந்திலேயே டி20 தொடரை 3-2 என்று வென்றோம். முதல் ஆட்டத்தில் ஸ்மிருதி மந்தனா 112. அதே ஆட்டத்தில்தான் ஸ்ரீ சரணிக்கு டி20 அறிமுகம், 12 ரன் கொடுத்து நான்கு விக்கெட். தொடர் முடிவில் பத்து விக்கெட்டோடு தொடர் நாயகியும் அவரே. இங்கிலாந்து என்றால் வேகப்பந்துக்குத்தான் என்று நாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தொடரை நம் கையில் கொடுத்தது சுழல். தீப்தி ஒரு பக்கம், சரணி மறுபக்கம் என்று ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர்வரை கட்டிப்போட்டால் எந்த அணியும் திணறும். பயம் அதற்குப் பிறகான ஐந்து ஓவர்தான், பந்து வீசும்போதும் சரி, துரத்தும்போதும் சரி. ரிச்சா கோஷ் கடைசிவரை நின்றால் ஒன்பது ரன் என்பது இரண்டு பந்து வேலை. அவரை எத்தனையாவது ஆளாக அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேட்சுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அமன்ஜோத் பிடித்ததை வைத்துப் பழைய பாவங்களை மன்னித்திருக்கிறேன்.

சரணியைப் பற்றி இன்னொன்று. என் சின்னவள் ஒன்பதாம் வகுப்பு, இடதுகைக்காரி. சாப்பிடுவதிலிருந்து கோலம் போடுவதுவரை எல்லாம் இடது கைதான். ஒவ்வொன்றுக்கும் பாட்டியிடம் திட்டு. இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில், டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் தோல் காய்த்துவிட்டது. தறிக்கு நூல் தார் சுற்றுகிறவர்களுக்கு விரல் காய்ப்பதைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குப் பார்த்ததில்லை. உலகக் கோப்பை முடிந்தபின் அரசு சரணிக்கு இரண்டரைக் கோடி ரூபாயும் வேலையும் அறிவித்த செய்தியைத் தெலுங்குப் பேப்பரில் படித்துக் காட்டினார் எங்கள் ராஜம்பேட்டைக்காரர். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் பெண்ணுக்கும் இடது கையா?" என்றாள். ஆமாம் என்றோம். அதற்குப் பிறகு திட்டு கோலத்தோடு நின்றுவிட்டது. பொங்கலன்று வாசலில் கோலம் போட்டபோதும் ஒரு வார்த்தை விழுந்தது, அது வழக்கத்துக்கு.

சரி, என் கணக்கு: அரையிறுதிக்குப் போவது பத்துக்கு ஆறு. கோப்பை பத்துக்கு மூன்று. மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் 2017க்காகப் பயப்படுகிறீர்கள். அன்றைக்கு ஆடியவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றாள். ஹர்மன்பிரீத், ஸ்மிருதி, தீப்தி என்று விரல் விட்டு எண்ணினேன். "அந்த மூன்று பேரும்தானே நவி மும்பையிலும் ஆடினார்கள்" என்றாள். பதில் சொல்லவில்லை. ஆனால் மூன்றை மூன்றரை ஆக்கியிருக்கிறேன்.

ராஜம்பேட்டைக்காரர் பத்துக்குப் பத்து என்கிறார். ஜூன் மாதம் ஆடி விற்பனைக்கான சேலை ஓடுகிற நேரம், தறியை நிறுத்த முடியாது. அதனால் கூடத்துக்குள்ளேயே டிவி வைத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. வர்ணனை தமிழிலா தெலுங்கிலா என்று இப்போதே இரண்டு கட்சி. ஆறு தறியும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது என்பது இரண்டு கட்சிக்கும் தெரியும். சண்டை மட்டும் ஓயவில்லை.