ஓவனில் சார் சியூ விலா: கடித்து இழுக்கிற பதம் வரும்வரை

ஓவன் ரிப்ஸ் பற்றி எங்கே தேடினாலும், எலும்பைத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழ வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் ரோஸ்ட் கடைக் கண்ணாடிக்குள் கொக்கியில் தொங்குகிற சார் சியூ விலா, அதாவது இனிப்பு சாஸில் ஊறவைத்துச் சுட்ட சீனப் பன்றி விலா, அப்படி விழாது, பல்லால் கடித்து லேசாக இழுத்தால்தான் வரும், ஓரம் கருகி இனிப்பும் கசப்புமாக இருக்கும், உள்ளே ஈரம் குறையாது. அந்தப் பதத்தை வீட்டு ஓவனில் எடுக்க முடியுமா என்று கொஞ்ச நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

கறி தேக்கா ஈரச்சந்தையில் வாங்குவது. அங்கிளிடம் விலா என்று சொன்ன கையோடு "வெட்ட வேண்டாம், முழுசா வேணும்" என்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே விலா வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பாக் குட் தே என்கிற விலா சூப்புக்கோ தாமரைத்தண்டு சூப்புக்கோதான் வாங்குகிறார்கள், அவர் கை தானாகவே கத்தியைத் தூக்கிவிடும். முதுகெலும்பை ஒட்டி வருவது பேபி பேக், குட்டையாக, கொழுப்பு கம்மியாக இருக்கும். அதற்குக் கீழே வயிற்றுப்பக்கம் வருவது ஸ்பேர் ரிப்ஸ், தட்டையாக, கொழுப்பும் குருத்தெலும்பும் சேர்ந்து. இந்தச் சமையலுக்கு என் ஓட்டு ஸ்பேர் ரிப்ஸுக்குத்தான். இனிப்பு சாஸுக்கு ஈடுகொடுக்கக் கொழுப்பு வேண்டும், பேபி பேக் கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடுகிறது.

பின்பக்கம் எலும்போடு ஒட்டி வெள்ளையாக ஒரு ஜவ்வு இருக்கும். அதை எடுக்காவிட்டால் மசாலா அந்தப் பக்கம் ஏறாது, வெந்த பிறகும் பிளாஸ்டிக் தாள் போலப் பல்லில் மாட்டும். ஸ்பூன் காம்பை நடு எலும்பின் மேல் ஜவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்பி, கிளம்பின நுனியை டிஷ்யூ பேப்பரால் இறுக்கிப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் உரிந்து வந்துவிடுகிறது. வெறும் விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும், பொறுமை போய்விடும்.

ஊறவைக்க, ஒரு கிலோ கறிக்கு: லைட் சோயா சாஸ் 3 டேபிள்ஸ்பூன், ஹொய்சின் சாஸ் (இனிப்பான கெட்டி சோயா சாஸ்) 3, ஷாவ்ஷிங் வைன் (சீன அரிசி வைன்) 2, சர்க்கரை 2, சிவப்பு நாம் யூ 2 துண்டு மசித்தது, ஃபைவ் ஸ்பைஸ் தூள் ஒரு டீஸ்பூன், தட்டின பூண்டு, துருவின இஞ்சி, வெள்ளை மிளகுத்தூள், கடைசியில் கொஞ்சம் நல்லெண்ணெய். சீன நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டுவது, வாசனை தூக்கலாக இருக்கும், நம் செக்கு எண்ணெய் அளவில் ஊற்றினால் வேறு எதுவுமே தெரியாது. நாம் யூ என்பது புளிக்கவைத்த டோஃபு, அதன் சிவப்பு சிவப்பு ஈஸ்ட் அரிசியிலிருந்து வருகிறது. பல கடைகளில் சாயம் போட்டு வருகிற பளீர் சிவப்பு இதில் வராது, மங்கலான செங்கல் நிறம்தான் வரும், ஆனால் சோயா சாஸால் மட்டும் கிடைக்காத ஒரு ஆழம் இதில் இருக்கிறது. உப்பு தனியாகப் போடவே வேண்டாம், சோயாவிலும் நாம் யூவிலும் இருப்பதே தாராளம். ஃபைவ் ஸ்பைஸில் அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, சோம்பு எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சாமான்தான், சிச்சுவான் மிளகு மட்டும்தான் வெளியாள். இருந்தாலும் வீட்டில் அரைத்துப் பார்த்ததில் கிராம்பு முந்திக்கொண்டு வந்தது, இதற்குப் பாக்கெட் தூளே மேல். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில்.

இனி நெருப்பு. 200 டிகிரியில் நேராக வைத்து எடுத்தபோது நிறம் அருமையாக வந்தது, கறி மட்டும் ரப்பர். காரணம் எளிது. பன்றிக்கறி 63 டிகிரி உள்வெப்பம் வந்து 3 நிமிடம் ஆறினால் சாப்பிடப் பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்கிறது, ஆனால் விலாவில் கறியை இறுக்கிப் பிடித்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரியைத் தாண்டித்தான் மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையும், அதற்கு நேரமும் வேண்டும். வெளியே சர்க்கரை கருகுகிற வேகத்துக்கு உள்ளே அது நடக்காது. சிலர் முதலில் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஓவனுக்கு மாற்றுகிறார்கள், அதில் ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும், அதற்குப் பேசாமல் சூப்பே வைத்துவிடலாம்.

அதனால் இரண்டு கட்டம். முதலில் 150 டிகிரி. ட்ரேயில் அரை டம்ளர் தண்ணீர், மேலே கம்பி ரேக், அதன்மேல் கறிப்பக்கம் மேலே இருக்கும்படி விலா, எல்லாவற்றையும் சேர்த்து ஃபாயிலால் காற்றுப் புகாமல் மூடிவிடுகிறேன். ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 130 போதும். இங்கேதான் பதம் தீர்மானமாகிறது. இரண்டரை மணி நேரம் விட்டால் உள்வெப்பம் 95ஐத் தாண்டி, எல்லோரும் ஆசைப்படுகிற அந்தக் கழன்று விழுகிற கறி. ஒன்றேகால் மணி நேரத்தில் எடுத்தால் கத்தி இறங்கும், பல்லுக்கு வேலை அதிகம். என் ஓவனில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டி, தெர்மாமீட்டர் 88-90 காட்டும்போது சரியாக இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்: எலும்பு நுனியிலிருந்து கறி கால் அங்குலம் பின்வாங்கியிருக்கும், இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் விலா வளையும் ஆனால் பிளக்காது. பிளந்தால் அது அடுத்த பதம்.

ட்ரேயில் இறங்கின சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் கொழுப்பு மேலே கட்டிக்கொள்ளும், அதை வழித்துவிட்டு மீதியைச் சின்ன வாணலியில் பாதியாக வற்றவைத்து, 2 டேபிள்ஸ்பூன் மால்டோஸ் (பிசின் போன்ற கெட்டியான மால்ட் சர்க்கரைப் பாகு), ஒரு ஸ்பூன் ஹொய்சின், சில சொட்டு அரிசி வினிகர் சேர்த்தால் மேல்பூச்சு தயார். மால்டோஸைச் சாதாரணமாக ஸ்பூன் விட்டு எடுக்க முடியாது, ஸ்பூனே வளையும். டப்பாவை வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, ஸ்பூனையும் வெந்நீரில் நனைத்துக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி எடுக்க வேண்டும், அப்படியும் ஒரு நூல் மேடையிலிருந்து வாணலிவரை கூடவே வரும்.

இத்தனை பாடு எதற்கு, தேன் போதாதா என்றால், போதும்தான், ஆனால் வித்தியாசம் தெரிகிறது. தேனில் நிறைய இருக்கிற ஃபிரக்டோஸ் சுமார் 110 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும். மால்டோஸ் சுமார் 180வரை தாங்கும், சர்க்கரையைவிட இனிப்பும் ரொம்பக் கம்மி. அதனால் மூன்று பூச்சு போட்டாலும் திகட்டாது, கண்ணாடிபோல் பளபளப்பும் நிற்கும். தேன் பூசினதில் இரண்டாவது பூச்சுக்குள் ஓரங்கள் கசந்துபோயின.

இரண்டாம் கட்டம், ஃபாயிலை எடுத்துவிட்டு 220 டிகிரி. பூசு, ஐந்து நிமிடம், வெளியே எடு, மறுபடி பூசு, இப்படி மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் மட்டும் மேல் கிரில். அந்த நேரத்தில் ஓவனை விட்டு நகரக் கூடாது, குமிழிகள் சின்னதாக வெடித்து ஓரத்தில் கரும்புள்ளி விழ ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். சாறு எடுத்த அடி ட்ரேயில் மறுபடி தண்ணீர் ஊற்றி, அது வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொட்டுகிற சர்க்கரையும் கொழுப்பும் காய்ந்த ட்ரேயில் விழுந்தால் வீடெல்லாம் புகை. 2018 ஜூனிலிருந்து கட்டுகிற புது வீடுகளில் புகை அறிவிப்பான் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள், அது கத்தினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் என்ன சமையல் என்று தெரிந்துவிடும்.

பத்து நிமிடம் ஆறவிட்டு, தலைகீழாகத் திருப்பி எலும்பு இடைவெளி பார்த்து வெட்டினால், வெட்டுமுகத்தில் இளஞ்சிவப்பு ஓரமும் உள்ளே மினுங்குகிற ஜெலட்டினும் தெரிகிறது. கடித்தால் இழுக்கிறது. கரி அடுப்பு வாசனை மட்டும் வரவில்லை, மின்சார ஓவனில் அது வராது, அதற்காகத் திரவப் புகையெல்லாம் ஊற்றுகிற ஆசை எனக்கில்லை.

இதே முறையில் எலுமிச்சம்புல், மீன் சாஸ், சின்ன வெங்காயம் போட்டு வியட்நாம் பக்கச் சுவையில் ஒன்று செய்தேன். வாசனை பிரமாதம், ஆனால் அதற்கு மெல்லிசாக வெட்டின விலாவும் நேரடித் தணலும்தான் பொருத்தம், இரண்டு மணி நேரம் ஃபாயிலுக்குள் கிடந்தால் எலுமிச்சம்புல் சோர்ந்துவிடுகிறது. கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுது போட்ட கொரியன் மாதிரி அடுத்த வாரம்.

சாப்பிட வெறும் சாதமும், உப்பும் வினிகரும் பிசிறின வெள்ளரிக்காயும் போதும். மிச்சம் விழுந்தால் கறியைப் பிய்த்து மறுநாள் முட்டை சாதத்தில் போடலாம். எலும்பைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு கைப்பிடி அரிசி, இஞ்சித் துண்டு, நிறையத் தண்ணீரோடு ஒன்றரை மணி நேரம் சிம்மில் விட்டால் நல்ல கஞ்சி. வெள்ளை மிளகைக் கொஞ்சம் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள்.