அத்தை வீடு: அரை மணி நேரம்

மூன்றாம் நாளே டிக்கி மூட மாட்டேன் என்றது. சென்னையிலிருந்து கிளம்பும்போது நான்கு பைகளும் மழைக்கோட்டுகளும்தான் இருந்தன. பொள்ளாச்சியில் சித்தப்பா ஒரு சாக்கைத் தூக்கி வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே தள்ளினார். இருபத்தைந்து தேங்காய். ஏற்கெனவே அத்தை வீட்டு நிலக்கடலை மூட்டையும் கொல்லிமலை வாழைத்தாரும் அங்கே உட்கார்ந்திருந்தன. அப்பா பின்சீட்டிலிருந்து, "மெதுவா அமுக்கு, மூடிக்கும்" என்றார்.

அரையாண்டு விடுமுறையில் ஒன்பது நாள். நான், மனைவி, பதினொரு வயது மகள், எழுபத்தொரு வயது அப்பா. மலை, அருவி, காடு என்று நான் எக்செல்லில் ஒரு திட்டம் போட்டிருந்தேன். நடுநடுவே சொந்தக்காரர்கள் வீடு. "அத்தை வீடு: அரை மணி நேரம்" என்று ஒரு கட்டத்தில் எழுதி மஞ்சள் நிறம்கூடக் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்து மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அத்தை இருப்பது சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் வழியில். மதியம் இரண்டு மணிக்குப் போனோம். தலையைக் காட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலையேறி அறை எடுப்பது திட்டம். "ஏங்கண்ணு, ரெண்டு வருசம் கழிச்சு வந்துட்டு வாசல்ல நின்னு பேசறே?" என்றார் அத்தை. அவ்வளவுதான், அன்றிரவு அங்கேயே படுத்தோம்.

அந்தத் தாமதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, மறுநாள் காலை மாமா முன்சீட்டில் ஏறி உட்காரும் வரை. மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கம் அது பெரிய செய்தி இல்லை, தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள். ஆனால் காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிறவனுக்கு அது பெரிய செய்தி. மூன்றாவது வளைவில் நான் கடைசி நொடியில் கியரைக் குறைத்து வண்டி திணறியபோது, "திருப்பத்துக்கு முந்தியே போட்டுரோணும் மாப்ள. உள்ள போய்த் தேடக் கூடாது" என்றார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும், ஹாரன் அடித்துவிட்டு மறு ஹாரனுக்குக் காது கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும், தேர்வுக்குப் படித்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போதுதான் கை கேட்கிறது.

நாற்பதாவது வளைவுக்கு முன்பே மகள் வெளுத்துப்போனாள். வாந்தி வரும் என்று அத்தைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கிளம்பும்போதே அவள் கையில் இரண்டு எலுமிச்சம்பழம் திணித்திருந்தார். முகர்ந்துகொண்டே வந்தவள், எழுபதாவது வளைவில் "முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இது வல்வில் ஓரியின் மலை. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று சங்கப் பாட்டு சொல்கிற அதே ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. மகள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அஞ்சும் ஒரே லைன்ல ஏன்ப்பா நின்னுச்சு?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து படியிறங்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் படிகள், பல இடங்களில் உயரமான படிகள். அப்பாவும் மாமாவும் கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டே இறங்குகிறோம். எதிரே ஏறி வருகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். கீழே, முந்நூறு அடி உயரத்திலிருந்து அய்யாறு விழுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயம் என்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை. அருவிக்கு நேர் கீழே நிற்கவே முடியவில்லை. இருபது அடி தள்ளி நின்றாலும் சாரல் ஊசி மாதிரி குத்துகிறது, மூச்சை இழுத்தால் தண்ணீர் வருகிறது. மகள் கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தினேன், அவளுக்குக் கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் பார்த்த தண்ணீரில் என் ஓட்டு இதற்குத்தான். திரும்பி ஏறும்போது அவள் படிகளை எண்ணினாள். அறுநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணலாமா என்று கேட்டபோது நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

இறங்கும்போது மாமா இன்னும் கறாரானார். "எந்த கியர்ல ஏறுனயோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீன்னா சூடாயி பிடிக்காமப் போயிரும்." எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்றிலிருந்து கருகல் வாசனை வந்துகொண்டே இருந்தது. அடிவாரத்தில் அந்தக் கார் ஓரமாக நின்று சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், அவர்களையும் கால் மணி நேரம் திட்டிவிட்டு வந்தார்.

நாமக்கல்லிலிருந்து பொள்ளாச்சிக்குத் தாராபுரம் வழியாகப் போனோம். வழியெல்லாம் காற்றாலைகள், டிசம்பரில் பெரும்பாலும் சும்மா நின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வரும் மாதங்களில்தான் அவற்றுக்கு வேலை. பொள்ளாச்சியில் தேங்காய்க் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. எழுபதைப் பார்த்த பிறகு நாற்பது ஒரு பொருட்டா என்று நினைத்தேன். பொருட்டுதான், ஆனால் இந்தப் பாதை அகலம். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்திக் கீழே அணையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகுப் பக்கம், சாலையோரச் சுவரின் மேலேயே நான்கு வரையாடுகள் நின்று புல் மேய்ந்தன. நம் மாநில விலங்கு. ஒன்று எங்களைப் பார்த்தது, பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டது.

சித்தப்பா பையன் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறான். இரண்டு இரவு அவன் குவார்ட்டர்ஸில் தங்கினோம். என் திட்டத்தில் "வால்பாறை: சுற்றிப் பார்த்தல்" என்றிருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, "இங்க சுத்திப் பாக்கறதுக்குன்னு ஒண்ணும் இல்லண்ணா. நின்னு பாக்கணும்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு சோலைமந்திகள் வந்தன. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு. காட்டைச் சாலை அறுத்துவிட்ட இடங்களில் மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெரியவை அதில் நிதானமாகக் கடக்க, குட்டி ஒன்று நடுவில் நின்று கீழே போகும் பஸ்ஸை வேடிக்கை பார்த்தது. யாரோ ஒருவர் காரிலிருந்து பிஸ்கட்டை நீட்ட, தம்பி ஓடிப்போய்த் தடுத்தான். சாப்பாட்டுக்குப் பழகினால் சாலைக்கு இறங்கும், இறங்கினால் அடிபடும். வால்பாறைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள்.

அன்று மாலை டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஏழு மணி இருக்கும். பனி இறங்கியிருந்தது. எஸ்டேட் சாலை திருப்பத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஏதோ செல்போன் டவர் என்று நினைத்து நான் பாட்டுக்கு ஓட்டினேன். "ண்ணா, நிறுத்து. லைட்டை அணைச்சிரு" என்றான் தம்பி. அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாகூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

அது யானை விளக்கு. பக்கத்தில் யானை இருக்கிறதென்றால், பதிவு செய்த செல்போனிலிருந்து ஒரு அழைப்பு விடுத்து அந்த விளக்கை எரிய வைப்பார்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும். ஊர்க்காரர்கள் போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பும் வனத்துறையும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து செய்கிற ஏற்பாடு. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் காடு மிச்சம் என்பதால் யானைகளுக்கு எஸ்டேட்டைக் கடக்காமல் வேறு வழியில்லை. இருட்டில் நடந்துபோகிற ஆட்கள் எதிர்பாராமல் முட்டிக்கொள்வதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்றான். "எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்ணா. அது பாட்டுக்குப் போகும், நாம பாட்டுக்கு நிப்போம்."

நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. முதலில் கேட்டது சத்தம்தான்: ஏதோ கிளை முறிகிற ஒலி, பிறகு பெருமூச்சு மாதிரி ஒன்று. அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு மேலே இருட்டு மட்டும் நகர்ந்தது. மூன்றா, நான்கா, தெரியாது. மகள் என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் மறுநாள் வரை வலித்தது. இருபது நிமிடம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு எஸ்டேட் ஜீப் வந்து, போகலாம் என்று கை காட்டியது. இந்த ஒன்பது நாளில் நான் எடுத்த படங்கள் எண்ணூறுக்கு மேல். இந்த இருபது நிமிடத்துக்கு ஒன்றுகூட இல்லை.

ஆறாம் நாள் முழுக்க வண்டிதான். இறங்கி, உடுமலை வழியாகச் சின்னாறு காட்டைக் கடந்து மறையூர். சின்னாறு மழை மறைவுப் பகுதி. நாற்பது வளைவுக்கு மேலே ஈரத்தில் ஊறிவிட்டு வந்த கண்ணுக்கு அந்த முள்காடு வேறு தேசம் மாதிரி இருக்கிறது. மறையூரில் வெல்லம் வாங்கினோம், டிக்கியில் அல்ல, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மூணாறில் நிற்கவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் மூணாறு டவுன் என்பது வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்று நின்றுகொண்டிருக்கும் இடம்.

கொழுக்குமலை சூரிய உதயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எஸ்டேட் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஜீப் மட்டுமே போகும். அதைப் பாதை என்பதைவிடப் பாறை உருண்டு வந்த தடம் என்று சொல்லலாம். அப்பாவை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. விடிகாலை நாலரை மணிக்கு முன்சீட்டில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே போனால் வெறும் வெள்ளை. நாற்பது நிமிடம் பஞ்சுக்குள் நின்றோம். நடுவில் ஒரே ஒரு முறை மேகம் கிழிந்து, கீழே வெகு ஆழத்தில் தேனிச் சமவெளியின் விளக்குகள் தெரிந்தன. மறுபடி மூடிக்கொண்டது. சூரியன் எங்கோ உதித்திருக்க வேண்டும். எனக்கு அது பெரிய ஏமாற்றம். அப்பா தொழிற்சாலை வாசலில் இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

போடிமெட்டு இறங்கும்போது ஏறிய கியரில் இறங்கினேன். மாமா பக்கத்தில் இல்லையென்றாலும் குரல் இருந்தது.

ராஜபாளையம் தாண்டித் தென்காசி சாலையில் புளியங்குடி வருகிறது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர், மூட்டை மூட்டையாக வெளியூர் போகும். அத்தை கொடுத்த இரண்டு பழமும் காய்ந்து சுருங்கி டேஷ்போர்டில் கிடந்தன. மகள் இறங்கிப்போய்ப் புதிதாக ஒரு கிலோ வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு வழியில் வளைவே இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

தென்காசியில் மாமனார் வீடு. அங்கே அரை மணி நேரம் என்று எழுதும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது, ஒரு நாள் ஒதுக்கியிருந்தேன். காலையில் குற்றாலம் கிளம்பினோம். ஐயப்ப சாமிகள் கூட்டம், எங்கும் கறுப்பு வேட்டி. மலையில் முந்தின இரவு மழை பெய்திருந்ததால் மெயினருவியில் குளிக்க விடவில்லை. ஐந்தருவியில் விட்டிருந்தார்கள். ஆனாலும் மாமனார் உடனே இறங்கவில்லை. ஓரமாக நின்று பத்து நிமிடம் தண்ணீரையே பார்த்தார். "கலங்கல் வருதான்னு பாக்கணும் மாப்ளை. சருகும் குச்சியும் சேந்து வந்துச்சுன்னா, மேல வெள்ளம்னு அர்த்தம். ஓடிரணும்." 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து மாமனார் எந்தப் பேரப்பிள்ளையையும் தான் பார்த்துச் சொல்லாமல் தண்ணீரில் விடுவதில்லை என்றார் மாமியார்.

தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. "வாங்க சம்பந்தி" என்று மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் கல்யாணத்தில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். அதற்குப் பிறகு போனில் "எல்லாரும் சௌக்கியமா" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. இப்போது ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையில் அருவியை வாங்கியபடி, ஒருவர் காதில் ஒருவர் எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. நான் இரண்டு பேருடைய துண்டையும் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு பாறையோரம் நின்றேன்.

பொள்ளாச்சித் தேங்காயில் பத்தைத் தென்காசியில் இறக்கி வைத்தேன், டிக்கி கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று. சென்னை வந்து, வண்டி ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் ஓடி முடித்த இரவில், மகளும் நானும் தேங்காய்களை எண்ணி எண்ணி வாசலில் அடுக்கினோம். முப்பத்திரண்டு இருந்தன.