பத்து மாத ஒப்பந்தக்காரர்கள்

வெள்ளவத்தையில் கூடைப்பந்து பேசுகிற பெடியன்களிடம் பி.ஜே. டக்கரைத் தெரியுமா என்று கேட்டால், 2021இல் மில்வாக்கி பக்ஸ் அணி, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏயின் கிண்ணத்தை வென்ற வருடம் கெவின் டூராண்டை மறித்து விளையாடிய ஆள்தானே என்பார்கள். சரிதான். ஆனால் அவர் வெளிநாடுகளில் விளையாடிய ஐந்து வருடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அந்த ஐந்து வருடங்களுக்காகத்தான் அவரைப் பிடிக்கும்.

என்.பி.ஏ அணிகள் புது வீரர்களை எடுக்கிற 2006ஆம் ஆண்டுத் தெரிவில் 35ஆவது ஆளாக டொராண்டோ ராப்டர்ஸ் அவரை எடுத்தது. 17 போட்டிகளில் கொஞ்சக் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, பருவம் முடிய முன்னரே நீக்கியும் விட்டது. அடுத்த பருவம் இஸ்ரேல். ஹப்போயல் ஹோலோன் என்ற கழகத்தோடு 2008இல் மக்காபி டெல் அவிவை இறுதிப் போட்டியில் வீழ்த்தினார். 1993க்குப் பிறகு மக்காபி அல்லாத ஒரு கழகம் அந்த நாட்டு லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. அப்புறம் உக்ரைன், திரும்ப இஸ்ரேல், கிரேக்கம், இத்தாலி, ஜெர்மனி, புவேர்ட்டோ ரிக்கோ. 2012இல் ஜெர்மனியின் பாம்பெர்க் கழகத்தோடு சாம்பியன், இறுதித் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். அதே வருடம் பீனிக்ஸ் சன்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. பல்கலைக்கழகத்தில் கூடைக்கு அடியில் நின்று புள்ளி அடித்துக் குவித்த ஆள், திரும்பி வந்தபோது எதிரணியின் மிகச் சிறந்த வீரனை மறிப்பதையும் திடலின் மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவதையும் தன் தொழிலாக்கிக்கொண்டு வந்தார்.

டக்கரின் கதை நன்றாக முடிந்ததால் அது நமக்குத் தெரிகிறது. என்.பி.ஏயில் 30 அணிகள், அணிக்கு 15 நிரந்தர இடங்கள், ஆக மொத்தம் 450. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து ஒவ்வொரு வருடமும் வெளியேறுகிற நல்ல விளையாட்டுக்காரர்களில் பெரும்பாலானோருக்கு அதில் இடமே இல்லை. அவர்கள் போலந்துக்கும் துருக்கிக்கும் லெபனானுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள், ஒரு பருவம் விளையாடுகிறார்கள், அடுத்த பருவம் வேறு நாடு. முப்பத்தைந்து வயதுவரை இப்படியே ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் ‘தோற்றுப்போனவர்கள்’ என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கொழும்பில் இருந்துகொண்டு நாம் அதைச் சொல்லலாமா? வெளிநாட்டு ஒப்பந்தத்தில் வாழ்கிற குடும்பம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லையே.

அவர்களுடைய ஏற்பாட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு ஏஜென்ட். ஓகஸ்டில் புறப்பாடு, மே மாதம் வீடு. தங்குமிடமும் விமான டிக்கட்டும் கழகத்தின் பொறுப்பு, பல இடங்களில் ஒரு காரும் தருவார்கள். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அதில் தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கட்டார், குவைத் விமானங்களுக்காக வரிசையில் நிற்கிறவர்களின் கையில் இருக்கிற கடதாசிகளும் ஏறக்குறைய இதே மாதிரித்தான். சம்பளம் வேறு, உழைப்பு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழகம் தொடர்ந்து நாலு போட்டி தோற்றால் முதலில் டிக்கட் போட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறவன் அந்த வெளிநாட்டுக்காரன்தான். ஒரு லீக்கில் இத்தனை வெளிநாட்டவர்தான் என்று வரம்பு இருக்கும், அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவன் சராசரியாக விளையாடினால் போதாது, ஒவ்வொரு இரவும் அணியைத் தூக்கிச் சுமக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் லீக்கில் ஒரு அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர், சில தொடர்களில் உயர வரம்பும் உண்டு. ஆளை நிறுத்தி அளப்பார்கள்.

ஜஸ்டின் பிரவுன்லீ அங்கேதான் வாழ்க்கையைப் பிடித்தார். 2011இல் எந்த என்.பி.ஏ அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. 2016இல் பரங்காய் ஜினெப்ரா அணியின் வெளிநாட்டு வீரர் காயப்பட்டதால் அவசரத்துக்கு மாற்றாக மணிலா போனார். அந்தத் தொடரின் ஆறாவது இறுதிப் போட்டியில், கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளியால் கிண்ணத்துக்கான ஜினெப்ராவின் எட்டு வருடக் காத்திருப்பை முடித்து வைத்தார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை, வருடா வருடம் வந்தார். 2023 ஜனவரியில் அவருக்குப் பிலிப்பைன்ஸ் குடியுரிமை கொடுக்கத் தனியாக ஒரு சட்டமே இயற்றினார்கள். அதே வருடம் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், சீனாவுக்கு எதிரான அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் இரண்டு தடவை மூன்று புள்ளி எறிந்து 77-76 என்று வென்று கொடுத்தார். பிறகு ஜோர்தானையும் வென்று தங்கம். 1962க்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துக்கு எடுத்த முதல் தங்கம் அது.

பெண்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. அமெரிக்கப் பெண்கள் லீக் கோடையில் நடக்கிறது, சம்பளம் குறைவாக இருந்ததால் குளிர்காலத்தில் வெளிநாடு போய் வருடம் முழுக்க விளையாடினார்கள். 2015இல் டயானா டௌராசியின் ரஷ்யக் கழகம், அமெரிக்கக் கோடைப் பருவத்தில் விளையாடாமல் ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது, அவரும் ஓய்வெடுத்தார். அதே கழகத்துக்கு விளையாடப் போன பிரிட்னி கிரைனரை 2022 பெப்ரவரியில் மொஸ்கோ விமான நிலையத்தில் பிடித்து, டிசம்பர்வரை வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், விளையாட்டு வேறு, வலைப்பந்து. மெல்பேர்னுக்குப் போய்க் கழகத்துக்காக விளையாடிவிட்டு, திரும்பி வந்து இலங்கைக்கும் எறிந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உயரத்தைப் பற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். தெரியாத ஊரில், வேறு மொழி பேசும் அணியில் ஒரு இடத்தைப் பிடித்ததை யாராவது எழுத வேண்டும்.

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. லூசியானாவில் பிறந்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் 1948இல் இங்கே வந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் ஆக்கப்பட்டார். இன்றைக்கும் கொழும்பில் யாராவது மட்டக்களப்புக்காரர் பந்தைக் கையில் எடுத்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நினைவு வரும்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் அக்காவின் மகன் ஆறடி நாலங்குலம், வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். “மாமா, எவ்வளவு தருவார்கள்?” என்பதுதான் அவன் முதல் கேள்வி. தராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சம்பளம் பாக்கி வைப்பது இந்தத் தொழிலின் பழைய நோய், சிறிய லீக்குகளில் மட்டும் என்று நினைக்கக் கூடாது. அதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. கழகம் பணம் தராவிட்டால் வீரர் அங்கே போகலாம், தீர்ப்பை மதிக்காத கழகம் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி சம்மேளனம் தடை போடலாம். வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் பத்தரமுல்லை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் தூதரகத்துக்கும் அலைகிற நம் ஆட்களுக்கு இப்படியொரு கதவு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மன்றத்துக்குத்தான் வழக்குப் போகும் என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் நீதிமன்றம்தான், அந்த நாட்டு மொழியில், அந்த நாட்டுச் சட்டத்தரணியோடு. வழக்குப் போடவும் முதலில் கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே அவனிடம் சொன்னது இதுதான்: தொகையைப் பிறகு பார்ப்போம், ஒப்பந்தம் வந்தால் முதலில் எனக்கு அனுப்பு, அந்த வாசகம் இருக்கிறதா, எந்தத் திகதியில் சம்பளம் என்று எழுதியிருக்கிறதா, காயப்பட்டால் யார் வைத்தியச் செலவு கட்டுவது என்று எழுதியிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம். இன்னும் அனுப்பவில்லை. ஆனால் விடிய ஐந்தரைக்கு எழும்பி, மூலையில் நின்று எறிந்து பழகுகிறான்.