வேறு கம்பெனி போதாது, வேறு பாதை வேண்டும்

அலுவலக இன்டர்நெட் லைனுக்கான ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் அப்டைம் (லைன் வேலை செய்யும் நேரம்) என்று பார்த்தவுடன் நிம்மதி வந்துவிடுகிறது, ஆனால் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் லைன் இல்லாமல் போகலாம், அது பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் நடுவே நடந்தால் என்ன ஆகும்? 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்தான்.

லீஸ்டு லைன் (உங்களுக்கு மட்டும் ஒதுக்கிய தனி லைன்), எம்பிஎல்எஸ் (கிளைகளை இணைக்கக் கம்பெனி நடத்தும் தனி நெட்வொர்க்) இரண்டும் நல்லவை. பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்பது எழுத்தில் இருக்கும், சாதாரண பிராட்பேண்டில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சாலை தோண்டும்போது எந்தக் கேபிளும் அறுந்துபோகும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனிகளிடம் ஃபைபர் வாங்கியும் இரண்டும் ஒரே குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் வந்தால், ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.

சாட்டிலைட்? நம் பினாங்கு மழையில் கேயு பேண்ட் (சாட்டிலைட் பயன்படுத்தும் ஒரு அலைவரிசை) சிக்னல் மங்கும், அப்புறம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் வகை சாட்டிலைட் என்றால் கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை நொடி.

ஜார்ஜ்டவுனில் சின்ன அலுவலகம் என்றால் ஒரு ஃபைபர், கூடவே 4ஜி அல்லது 5ஜி, ஃபைபர் போனால் தானாக அதற்கு மாறும் ரவுட்டர். மாதம் ஒருமுறை ஃபைபர் வயரைக் கழற்றி, உண்மையிலேயே மாறுகிறதா என்று பாருங்கள்.